ஷீராஸ் நகரிற் பயின்ற மொழி

திருமறை மொழிபெயர்ப்பு வரலாற்றை மாணவர்க்குப் பயிற்றுவிக்கும்போது, "சீகன்பால்க் ஐயருக்குத் தமிழ் கற்பித்தவர் யார்?" என்று வினவுவது நம் வழக்கம். அவர் 1706-ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கியதும், 1715-ஆம் ஆண்டில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறி முடிந்ததும் வகுப்பில் அனைவர்க்கும் தெரிந்த செய்திகளே. சிறுவர்களோடு மணலில் அமர்ந்து அவர் எழுத்துப் பழகிய கதையையும் பலர் சொல்லிவிடுவர். ஆயின் அந்தத் திண்ணைப் பள்ளியின் ஆசிரியரைப் பற்றிக் கேட்டால் வகுப்பு மௌனமாகிவிடும். இரேனியுஸ் ஐயரின் தமிழாசிரியர் திருப்பாற்கடல்நாதன் கவிராயர் என்பதையும், பவர் ஐயரின் திருத்தத்தில் முத்தையாபிள்ளை என்னும் புலவருக்குப் பெரும் பங்கு உண்டு என்பதையும் அறிந்தோர் இன்று மிகச் சிலர். வந்தவரின் பெயரை நினைவிற்கொண்டு, வந்தவருக்கு வாய்திறக்கக் கற்பித்தவரின் பெயரை மறந்துவிடுவது நம் வரலாற்றெழுத்தில் ஊறிப்போன பழக்கம்.

இப்பழக்கத்தைச் சற்றே சோதித்துப் பார்க்கும் பொருட்டு, நம் நாட்டிலிருந்து பாரசீகத்துக்குச் சென்று அந்நாட்டு மொழியை அந்நாட்டாரிடமே பயின்ற ஒரு விருந்தினரின் வரலாற்றை ஈண்டு எடுத்துக்கொள்கிறோம். அவர் ஹென்றி மார்ட்டின். அவரது பக்தி வைராக்கியத்தைப் பற்றியும், லிடியா கிரென்பெல் என்னும் பெண்மணியிடம் அவர் கொண்டிருந்த அன்பைப் பற்றியும் வாழ்க்கை வரலாற்று நூலாசிரியர்கள் போதிய அளவு எழுதிவிட்டனர். நாம் அவரை ஒரு மாணாக்கராக மட்டுமே நோக்க விரும்புகிறோம்.

மார்ட்டின் 1781-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலுள்ள ட்ரூரோ என்னும் ஊரிற் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் பயின்று, 1801-இல் கணிதத் தேர்வில் பல்கலைக்கழகத்திலேயே முதலிடம் பெற்றார். சார்லஸ் சிமியோன் அவர்களின் போதனையால் ஈர்க்கப்பட்டுத் திருப்பணிக்கு வந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் குருவாக நியமனம் பெற்று 1805-இல் கப்பலேறி, 1806 ஏப்ரலில் முதன்முதல் அவர் இந்திய மண்ணில் கால்வைத்தது நம் சென்னையிலேதான். அடுத்த மாதம் கல்கத்தா சேர்ந்தார். பின்னர் தினாப்பூரிலும் கான்பூரிலும் படைவீரர்க்குக் குருவாகப் பணியாற்றிக்கொண்டே, மீர்ஜா பித்ரத் என்னும் அறிஞரின் துணையோடு புதிய ஏற்பாட்டை உருதுவில் மொழிபெயர்த்தார். அது அவர் இறந்தபின் 1814-இல் சீராம்பூரில் அச்சாயிற்று.

அக்காலத்து இந்தியாவில் பாரசீகம் பெற்றிருந்த இடத்தை இன்றைய வாசகர் எண்ணிப் பார்ப்பது கடினம். முகலாயர் ஆட்சி சாய்ந்த பிறகும் நீதிமன்றங்களும் வருவாய்க் கணக்குகளும் கடிதப் போக்குவரத்தும் அம்மொழியிலேயே நடைபெற்று வந்தன. 1837-இல்தான் அரசாங்க மொழி என்னும் நிலையிலிருந்து அதை விலக்கத் தொடங்கினர். தமிழகமும் இதற்குப் புறம்பன்று. ஆற்காட்டு நவாபின் அரண்மனையில் வழங்கிய மொழி அது. நம் சுவார்ட்ஸ் ஐயர் திருச்சிராப்பள்ளியிலும் தஞ்சையிலும் தமிழோடு நின்றுவிடாமல் பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றுக்கொண்டதற்குக் காரணம் அதுவே. 1779-இல் ஹைதர் அலியிடம் தூது செல்ல அவரை ஆங்கில அரசு தெரிந்தெடுத்தமைக்கும் அவரது மொழியறிவு ஒரு காரணம். தாசில்தார், சிரஸ்தார், ஜமாபந்தி, குமாஸ்தா, கஜானா, தஸ்தாவேஜு என்று நாம் இன்றும் சொல்லிவரும் சொற்கள் அந்த வழியாக வந்தவையே. கிராமத்துச் சபைச் சொத்துக்குப் பட்டா மாற்றப் போகும் நம் ஆயர்கள் தாம் அரைவாசி பாரசீகம் பேசுகிறோம் என்பதை அறியார்.

எனவே, மார்ட்டின் பாரசீகத்தை இந்தியாவிலேயே கற்கத் தொடங்கியதில் வியப்பில்லை. வியப்பு என்னவெனில், அது போதவில்லை என்பதே. புதிய ஏற்பாட்டைப் பாரசீகத்திலும் அரபியிலும் மொழிபெயர்க்க அவருக்குத் துணையாக அனுப்பப்பட்டவர் ஸாபாத் என்னும் அரபியர். இவர் விசாகப்பட்டினத்தில் கம்பெனியின் நீதிமன்றத்தில் முஸ்லிம் சட்டத்தை விளக்கும் அலுவலராயிருந்தபோது புதிய ஏற்பாட்டைப் படித்து, சென்னையில் கெர் ஐயரிடம் நத்தானியேல் என்னும் பெயரோடு ஞானஸ்நானம் பெற்றவர். கல்வியிற் சிறந்தவர், கோபத்திலும் சிறந்தவர். அவரும் மார்ட்டினும் உழைத்து உருவாக்கிய பாரசீக மொழிபெயர்ப்பைக் கல்கத்தாவிலிருந்த அறிஞர்கள் ஆராய்ந்து, இதில் அரபிச் சொற்றொடர்கள் மிகுந்துள்ளன, கற்றோர்க்கன்றிப் பொதுமக்களுக்கு விளங்காது என்று கருத்துரைத்தனர்.

ஒரு மொழிபெயர்ப்பாளர்க்கு இதைவிடக் கசப்பான தீர்ப்பு வேறில்லை. பல ஆண்டு உழைப்பு அதிற் கரைந்திருந்தது. மேலும் அவர் உடல்நிலையும் சீர்கெட்டிருந்தது. அவர் குடும்பத்தில் பலரைக் கொண்டுபோன காசநோய் அவரையும் பற்றியிருந்தது. மருத்துவ ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்புவதே யாவரும் எதிர்பார்த்தது. அவரோ, அம்மொழி வழங்கும் நாட்டுக்கே சென்று அம்மக்கள் காதில் இம்மொழிபெயர்ப்பை ஒலிக்கச்செய்து பார்ப்பது என்று முடிவுசெய்தார். பாரசீகத்தில் சிறிது காலம் தங்கிப் பின்னர் அரபு நாட்டுக்குச் சென்று அரபி மொழிபெயர்ப்பையும் திருத்துவது அவர் திட்டம். 1811 ஜனவரியில் கல்கத்தாவை விட்டுப் புறப்பட்டார்.

அவர் எத்தகைய நிலையில் அங்கே சென்றார் என்பதையும் மறைத்தலாகாது. அவர் ஏழைப் பரதேசியாகச் செல்லவில்லை. பம்பாய் வரை அவரோடு அதே கப்பலில் வந்தவர் மவுண்ட்ஸ்டுவர்ட் எல்பின்ஸ்டன். பம்பாயில் அவருக்கு அறிமுகக் கடிதங்கள் கொடுத்தவர், முன்னர்ப் பாரசீக மன்னரிடம் தூது சென்று வந்த சர் ஜான் மால்கம். அப்போது பாரசீகம் 1804 முதல் ருஷியாவோடு போரிட்டுக்கொண்டிருந்தது. ஆங்கிலேயரின் நட்பு அதற்குத் தேவைப்பட்டது. சர் கோர் அவுஸ்லி ஆங்கிலத் தூதராக அந்நாட்டுக்கு வந்திருந்தார். ஆகவே மார்ட்டினின் கையில் புதிய ஏற்பாடும் பின்னால் ஓர் அரசின் நிழலும் இருந்தன. அந்நிழல் இல்லாதிருப்பின் அவர் அங்கே பேசிய பேச்சுக்களிற் பாதியைப் பேசியிருக்க முடியாது. இதை அவர் புகழுக்குக் குறைவாகச் சொல்லவில்லை. அவருக்கு விடைகொடுத்து வாதிட்ட பாரசீக அறிஞரின் பொறுமையையும் அளந்தறிய வேண்டும் என்பதற்காகவே சொல்கிறோம்.

மஸ்கத்து வழியாக 1811 மே 22-ஆம் நாள் புஷேர் துறைமுகம் சேர்ந்தார். அங்கே பாரசீக உடையும் உயர்ந்த குல்லாவும் அணிந்து, ஒரு சிறு கூட்டத்தோடு மலைநாட்டை நோக்கிப் பயணமானார். பகலில் நடக்க இயலாத வெப்பம். இரவிற் பயணம், பகலிற் கூடாரம். வெப்பமானி பாரன்ஹீட் அளவில் 126 பாகை வரை ஏறிற்று என்று அவர் நாட்குறிப்பு கூறுகிறது. வெளிக்காற்றின் அனல் தாக்காதிருக்கக் கம்பளத்தைச் சுற்றிக்கொண்டு, தலையில் ஈரத்துணி கட்டிக்கொண்டு, காசநோயாளர் ஒருவர் பகல் முழுவதும் படுத்துக் கிடந்தார். ஜூன் 9-ஆம் நாள் ஷீராஸ் வந்தடைந்தார்.

ஷீராஸ் பாரசீக இலக்கியத்தின் தாயகம். நமக்கு மதுரை எப்படியோ அவர்களுக்கு அந்நகர் அப்படி என்று சொன்னால் பொருந்தும். ஸஅதியும் ஹாபீஸும் பிறந்து, அம்மண்ணிலேயே அடக்கமானவர்கள். அந்நகரத்தார் தம் மொழியைக் குறித்துப் பெருமிதமும், பிறர் பேசும் பாரசீகத்தைக் குறித்து மெல்லிய நகைப்பும் உடையவர்கள். இந்தியாவில் முன்ஷிகளிடம் பாரசீகம் படித்த ஆங்கிலேயர் ஒருவர் அங்கே போய் வாய்திறந்தால் என்ன நேரும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். இந்தியப் பாரசீகத்தில் சிங்கம் 'ஷேர்', பால் 'ஷீர்'. எழுத்து ஒன்றே; ஒலி வேறு. பழைய பாரசீகத்தில் இருந்த அந்த ஏகார ஓசையை இந்தியா காப்பாற்றி வைத்திருந்தது. பாரசீகமோ அதை என்றோ இழந்துவிட்டது. அங்கே சிங்கமும் 'ஷீர்', பாலும் 'ஷீர்'. இடம் நோக்கியே பொருள் கொள்ளவேண்டும். இவ்வாறே 'நாள்' என்று பொருள்படும் 'ரோஸ்' அங்கே 'ரூஸ்' ஆகிவிடும். உணவு விடுதிகளில் நாம் கேட்டு வாங்கும் 'நான்' ரொட்டியை ஈரானியர் சாதாரணப் பேச்சில் 'நூன்' என்பர். நூல்வழிப் பாரசீகம் தவறானதன்று, பழையது. முந்நூறு ஆண்டுக்கு முந்தைய பேச்சோடு ஒருவர் நம் கடைத்தெருவில் வந்து நின்றால் நாம் மரியாதையாக வழிவிடுவோம். ஆனால் அவர் சொல்லும் செய்தியை நமக்குரிய செய்தியாகக் கொள்ளமாட்டோம். மார்ட்டினும் ஸாபாத்தும் செய்த முதல் மொழிபெயர்ப்புக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய இதுவே.

ஒலியோடு முடிவதன்று. தமிழருக்கு எளிதாயிருக்கும் ஒரு கூறு ஆங்கிலேயருக்குக் கடினம்: பாரசீக வாக்கியத்தில் நம் மொழியைப் போலவே வினைச்சொல் இறுதியில் வரும். கிரேக்க மூலத்தில் பவுல் அப்போஸ்தலரின் நீண்ட வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு, வினையை இறுதிவரை தாங்கிச் செல்லும் சிரமத்தைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் நன்கறிவர். பாரசீகத்தில் ஆண், பெண் என்னும் வேறுபாடு சுட்டுப்பெயரில் இல்லை. அவன், அவள் இரண்டுக்கும் 'ஊ' என்னும் ஒரே சொல்தான். ஆண்டவர் சமாரியப் பெண்ணோடு கிணற்றருகே உரையாடும் பகுதியில், அவர் சொன்னார், அவள் சொன்னாள் என்று மாறிமாறி வருவதை இத்தகைய மொழியிற் குழப்பமின்றிச் சொல்ல ஒரு கைத்திறன் வேண்டும்.

அனைத்துக்கும் மேலாக மரியாதைச் சொற்கள். 'நான்' என்று சொல்லவேண்டிய இடத்தில் பண்புடைய பாரசீகர் 'பந்தே' என்பார். அடிமை என்பது அதன் நேர்ப்பொருள். நம் 'அடியேன்' அதுவே. நாவில் எந்நேரமும் புழங்கும் பணிவுச் சொல்லைத் திருமறையில் எந்த அளவுக்கு ஏற்பது? எல்லோரும் எல்லோர்க்கும் 'அடியேன்' என்று சொல்லும் நாட்டில், "இயேசு கிறிஸ்துவின் அடிமையாகிய பவுல்" என்பது வெறும் உபசார வார்த்தையாகப் போய்விடாதா? இலக்கண நூல் இதற்கு விடை சொல்லாது. சர் வில்லியம் ஜோன்ஸ் 1771-இலேயே ஆங்கிலத்தில் ஒரு பாரசீக இலக்கணம் வெளியிட்டிருந்தார். கல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரி 1800 முதல் அம்மொழியைக் கம்பெனி ஊழியர்க்குக் கற்பித்து வந்தது. ஒரு சொல் வீட்டுக்குள் எவ்வாறு ஒலிக்கிறது என்பதை வீட்டாரே சொல்லவேண்டும்.

அவ்வாறு சொல்ல ஒருவர் கிடைத்தார். ஷீராஸில் மார்ட்டின் தங்கியது ஜாபர் அலி கான் என்னும் பெருங்குடி மகனின் இல்லம். அவருடைய மைத்துனர் மீர்ஜா ஸையது அலி. மார்ட்டின் கொண்டுவந்த மொழிபெயர்ப்பு ஷீராஸ் நகரத்தார்க்கு ஏற்காது, முற்றிலும் புதிதாகச் செய்யவேண்டும் என்பது சில நாட்களிலேயே தெளிவாயிற்று. மீர்ஜா ஸையது அலி அதற்கு உதவ முன்வந்தார். சிறிது காலம் தங்கிச் செல்ல வந்தவர் அங்கேயே ஊன்றிவிட்டார். 1811 ஜூன் 17-ஆம் நாள் பணி தொடங்கிற்று.

இந்த மீர்ஜா யார்? கிறிஸ்தவர் அல்லர். சம்பளத்துக்கு வந்த முன்ஷியும் அல்லர். அந்நகரில் புகழ்பெற்ற சூபி ஞானியான மீர்ஜா அபுல் காசிமின் சீடர்களுள் ஒருவர். ஓய்வும் கல்வியும் நகைச்சுவையும் உடையவர். கிரேக்க மூலத்தின் பொருளை மார்ட்டின் தம் பாரசீகத்திற் சொல்ல, அதை ஷீராஸின் பாரசீகமாக்கித் தருவது அவர் பணி. ஆயின் ஒவ்வொரு வசனமும் எழுதப்படும் முன்னர் வினவப்பட்டது. இது என்ன பொருள்? இவ்வாறு ஏன் சொன்னார்? இதை நீர் நம்புகிறீரா? யோவான் நற்செய்தியின் ஆழங்களில் சூபியாகிய அவர்க்குத் தம் வழியிலேயே ஓர் ஈடுபாடு உண்டாயிற்று; சிலுவையும் பாவ நிவாரணமும் வருமிடங்களில் அவர் தயங்கினார். மொழியாசிரியரே மாணவராகவும், மாணவரே போதகராகவும் மாறிமாறி அமர்ந்த வகுப்பறை அது. கோடையில் நகரின் வெப்பம் தாங்காமல், ஜாபர் அலி கான் ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்திற் கூடாரம் அடித்துக் கொடுத்தார். திராட்சைக் குலைகள் தொங்கும் நிழலில், தெளிந்த நீரோடை அருகே, கிரேக்கப் புதிய ஏற்பாட்டோடு ஓர் ஆங்கிலேயரும் ஒரு ஷீராஸ் முஸ்லிமும் நாள்தோறும் அமர்ந்திருந்தனர்.

ஈண்டு நம் அனுபவம் ஒன்றைக் குறிப்பிட வாசகர் பொறுத்தருள வேண்டும். ஆம்பூருக்கு அருகே நாம் ஆயராகப் பணிபுரிந்த நாட்களில் தோல் மண்டி ஒன்றிற் கணக்கெழுதிவந்த முதியவரிடம் மாலை வேளைகளில் உருது எழுத்துக்களைக் கற்றோம். கற்றது மிகச் சொற்பம். ஓராண்டு கழித்தும் நாம் 'காப்' என்னும் எழுத்தைத் தொண்டையிலிருந்து ஒலிக்கவில்லை என்று அவர் சிரிப்பார். ஆனால் ஒரு மாலை, நாம் ஏதோ ஒரு துண்டுப் பிரசுரத்தை வாசித்துக் காட்டிப் பிழை திருத்தக் கேட்டபோது, அவர் அதைத் தமக்கு ஒவ்வாத கருத்து என்று தள்ளாமல், ஒவ்வொரு சொல்லாகத் திருத்தி, "ஐயா, சொல்றதைச் சரியாச் சொல்லுங்க, சரியாச் சொன்னாத்தானே நாங்க இல்லைன்னு சொல்ல முடியும்" என்றார். மீர்ஜா ஸையது அலியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்த முதியவர் நம் நினைவுக்கு வருகிறார். தமக்கு மாறான செய்தியையும் பிழையற்ற மொழியிற் சொல்ல உதவுவது சாதாரணப் பெருந்தன்மையன்று. நாம் அவர்க்கு என்ன கைம்மாறு செய்தோம் என்று எண்ணினால் வெட்கமே மிஞ்சுகிறது. அவர் கொடுத்தது மொழி. நாம் கொடுத்தது கிறிஸ்துமஸ் கேக்கு.

ஷீராஸ் நகரம் இதனை அறியாமலில்லை. முல்லாக்களுக்கெல்லாம் ஆசான் எனப் போற்றப்பட்ட மீர்ஜா இப்ராஹீம், 1811 ஜூலை மாத இறுதியில் இஸ்லாத்தை நிலைநாட்டி ஒரு நூலெழுதி மார்ட்டினிடம் அளிக்கச் செய்தார். மார்ட்டின் பாரசீகத்திலேயே மறுமொழி எழுதினார். இவ்வாதங்களைக் கேம்பிரிட்ஜ் அறிஞர் சாமுவேல் லீ 1824-இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். அவற்றில் மார்ட்டின் எழுதிய அனைத்தும் இன்று நமக்கு உவப்பானவை என்று சொல்வதற்கில்லை. கணித மேதையின் கூர்மை சில இடங்களிற் கத்தியின் கூர்மையாகிவிடுகிறது. ஆயினும் மீர்ஜா இப்ராஹீமின் எழுத்தில் கண்ணியமும் அமைதியும் இருந்தமையை இரு தரப்பாரும் ஒப்புக்கொள்வர். இந்த வாதங்களால் யார் வென்றார் என்று கணக்கிடுவது பயனற்றது. மொழிபெயர்ப்புக்கு அவற்றால் விளைந்த பயன் பெரிது. கடவுளுக்குக் 'குதா' என்னும் தொன்மையான பாரசீகச் சொல் முஸ்லிம்களும் வழங்குவது. அதில் இடர்ப்பாடு இல்லை. 'குதாவின் குமாரன்' என்றவுடனேயே கேட்போர் முகம் மாறிற்று. மாறும் முகத்தைக் கண்டபடியே அச்சொல்லை எழுதுவது வேறு, கல்கத்தாவில் மேசையருகே இருந்து எழுதுவது வேறு. அச்சொல்லை விலக்க அவர் துணியவில்லை. ஆயின் அதன் விலை என்ன என்பதை அறிந்தே எழுதினார்.

1812 பிப்ரவரி 24-ஆம் நாள் புதிய ஏற்பாடு நிறைவுபெற்றது. எட்டே மாதங்கள்! நம் சங்கங்களின் மொழிபெயர்ப்புக் குழுக்கள் எட்டு மாதத்திற் கூடிக் கலையும் கூட்டங்களை எண்ணினால் இவ்வேகம் அச்சமூட்டுகிறது. தொடர்ந்து சங்கீதங்களையும் முடித்தனர். மன்னர் பத்ஹ் அலி ஷாவுக்கும் பட்டத்து இளவரசர் அப்பாஸ் மீர்ஜாவுக்கும் அளிப்பதற்கென அழகிய கையெழுத்தில் இரு பிரதிகள் எழுதுவிக்கப்பட்டன. மே மாதத்தில் மார்ட்டின் ஷீராஸை விட்டுப் புறப்பட்டார். மீர்ஜா ஸையது அலி அப்போதும் முஸ்லிமாகவே இருந்தார்.

அதன் பின் நிகழ்ந்தவை பலரும் அறிந்தவை. மன்னரின் பாசறையில் முதல் அமைச்சரின் முன்னிலையில் முல்லாக்கள் சூழ்ந்திருக்க, இஸ்லாமிய விசுவாச வாக்கியத்தைச் சொல்லுமாறு மார்ட்டின் கேட்கப்பட்டார். கடவுள் ஒருவரே என்னும் முதற்பகுதியைச் சொல்லி, இரண்டாம் பகுதிக்கு ஈடாக இயேசு கடவுளின் குமாரன் என்றார். கூட்டம் கொதித்தெழுந்தது. அவர் கொண்டுவந்த பிரதி காலடியில் மிதிபடுமோ என்று அஞ்சி அதனைத் துணியிற் சுற்றி எடுத்துக்கொண்டு வெளியேறினார். தூதரின் அறிமுகமின்றி மன்னரைக் காண இயலாது என்று தெரிந்து தப்ரீஸ் நகரை நோக்கிச் சென்றார். காய்ச்சல் அவரை வீழ்த்திற்று. அவுஸ்லியும் அவர் மனைவியாரும் பல வாரங்கள் அவரைப் பேணினர். எழுந்து நடமாடியதும், கான்ஸ்டாண்டினோபிள் வழியாகத் தாய்நாடு செல்லக் குதிரையேறினார். செப்டம்பர் 2-ஆம் நாள் தொடங்கிய அப்பயணம், 1812 அக்டோபர் 16-ஆம் நாள் துருக்கியின் தோக்காத் நகரில் அவர் இறப்போடு முடிந்தது. அர்மேனியக் கிறிஸ்தவர்கள் அவரை அடக்கம் செய்தனர். வயது 31.

பாரசீகம் கற்கச் சென்று அந்நாட்டிலேயே சிக்கிக்கொண்ட மற்றொருவரையும் இங்கு நினைவுகூரலாம். ராபர்ட் புரூஸ் என்னும் ஐரிஷ் குரு பஞ்சாபில் மிஷனெரியாகப் பணியாற்றியவர். 1869-இல் விடுமுறை முடிந்து இந்தியா திரும்பும் வழியில், தம் பாரசீகத்தைச் செம்மைப்படுத்திக்கொள்ளும் நோக்கத்தோடு அந்நாட்டில் இறங்கி, இஸ்பஹான் நகரின் அர்மேனியர் வாழும் ஜூல்பாவில் தங்கினார். புறப்படும் காலம் நெருங்கியபோது 1871, 1872-ஆம் ஆண்டுகளின் கொடும் பஞ்சம் வந்தது. மொழி கற்க வந்தவர் கஞ்சி ஊற்றத் தொடங்கினார். ஐரோப்பாவிலிருந்து வந்த உதவிப் பணத்தைப் பங்கிட்டார். அநாதைப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டார். பிறகு எவ்வாறு புறப்படுவது? 1875-இல் சர்ச் மிஷனெரி சங்கம் அப்பணியைத் தன் பணியாக ஏற்றது. பசித்தவர்களிடம் புரூஸ் கற்ற பாரசீகம் எத்தகையதாயிருந்திருக்கும் என்று நாம் எண்ணுவதுண்டு. திராட்சைத் தோட்டத்துப் பாரசீகம் அதுவன்று. மார்ட்டினின் புதிய ஏற்பாட்டைத் திருத்தும் பணி இவர் கைக்கே வந்தது. திருத்திய பதிப்பு 1882-இலும், முழு வேதாகமம் 1895-இலும் வெளியாயின. ஷீராஸின் எட்டு மாத வேலை எழுபது ஆண்டுகள் ஏறக்குறைய நின்று நிலவிற்று என்பதை இதனால் அறியலாம்.

அது அச்சேறிய செய்தியை இன்னும் சொல்லவில்லை. மார்ட்டின் இறந்தபின் அவுஸ்லி பிரதியை மன்னரிடம் சேர்ப்பித்தார். பத்ஹ் அலி ஷா அதைப் பாராட்டிக் கடிதமும் எழுதினார். பாரசீகத்துக்கும் ருஷியாவுக்கும் 1813-இல் சமாதானம் ஏற்பட்டபின், நாடு திரும்பும் வழியில் அவுஸ்லி ருஷியத் தலைநகரில் தங்கினார். பாரசீகத்தின் பகைவராயிருந்தோரின் நகரமாகிய அந்த செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலேதான் ருஷிய வேதாகமச் சங்கத்தின் செலவில் பாரசீகப் புதிய ஏற்பாடு 1815-இல் முதன்முதல் அச்சாயிற்று. அதன் இலத்தீன் முகப்புப் பக்கம், ஷீராஸ் நகரில் ஹென்றி மார்ட்டினால் கிரேக்கத்திலிருந்து மொழிபெயர்க்கப்பட்டது என்று கூறி நின்றுவிடுகிறது. அடுத்த ஆண்டு, 1816-இல், கல்கத்தாவில் மறுபதிப்பு வந்தது. அதனை வெளியிட்டவர்கள் முன்ஷிகளோடு அன்றாடம் அமர்ந்து பழகியவர்கள். அப்பதிப்பின் முகப்பில் மார்ட்டினின் பெயரை அடுத்து ஒரு சிறு வரி சேர்ந்திருக்கிறது: ஷீராஸ் நகரத்து மீர்ஜா ஸையது அலியின் உதவியோடு.